காலையில் மறந்துபோகும் திரை



நியூட்டன் வளையங்கள் வட்டமானவை என்பது நமக்குத் தெரியும். ஆனால் என் மாணவர் ஒருவர் தமது பதிவேட்டில் அவற்றை முட்டை வடிவில் வரைந்து வந்தார். கேட்டதற்கு, "பெரிய திரையில் அப்படித்தான் சார் தெரிந்தது" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. பிழை அவர் கண்ணில் இல்லை. காஞ்சிபுரத்தில் நான் பணிபுரியும் கல்லூரியின் ஆய்வுக்கூடக் கணினியில் இருந்தது.

அந்தத் திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிகள் உண்டு. லினக்ஸில் இயங்கும் எங்கள் கணினியோ 1024-க்கு 768 என்ற அளவிலேயே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. 4:3 விகிதப் படத்தை 16:9 விகிதத் திரை முழுவதும் இழுத்துப் பரப்பினால், ஒவ்வொரு வட்டமும் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு நீண்டுவிடும். கணக்கிட்டுப் பாருங்கள்.

இதற்கு ஒரு மருந்து எங்களிடம் இருந்தது. 'எக்ஸ்ரேண்டர்' என்ற கட்டளையைத் தட்டினால் படம் சரியாகும். அதை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டியிருந்தோம். ஆனால் மறுநாள் காலை கணினியைப் போட்டால் மறுபடி பழைய கோலம். மறுபடி அதே கட்டளை. அன்று யாரோ அதைத் தட்ட மறந்ததால்தான் வளையங்கள் முட்டைகளாயின.

நம் ஊர்த் தறியை எண்ணிப் பாருங்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியையும், அதில் கோர்த்துத் தொங்கும் அட்டைகளையும் பார்த்திருப்பீர்கள். அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும். துளை இல்லாத இடத்தில் எழாது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. நெசவாளர் இரவு தறியை விட்டு எழுந்தாலும், காலையில் அதே அன்னம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. காரணம், கோலம் அவர் கையில் இல்லை, அட்டையில் இருக்கிறது. நூல்களைக் கையால் தூக்கிப் பிடித்தால் அந்த ஓர் ஊடைக்குத்தான் பயன்.

எங்கள் கட்டளை கையால் நூல் தூக்குவதைப் போன்றது. அது ஓடிக்கொண்டிருக்கும் திரைநிரலை மட்டும் மாற்றும். எந்தக் கோப்பிலும் எழுதாது. கணினியை நிறுத்தினால் அதுவும் போயிற்று.

அப்படியானால் லினக்ஸில் 'அட்டை' எங்கே? நோம் என்னும் மேசைத்தளத்தில், அமைப்புகள் பகுதியில் நாம் தேர்ந்தெடுக்கும் அளவு, அவரவர் கணக்கிலுள்ள 'மானிட்டர்ஸ்.எக்ஸ்எம்எல்' என்ற கோப்பில் எழுதப்படுகிறது. திரை எந்த இணைப்பில் உள்ளது, யார் தயாரித்தது, வரிசை எண் என்ன என்ற அடையாளங்களும் அதில் உண்டு. அடுத்த முறை அதே அடையாளமுள்ள திரை வந்தால்தான் அந்த அமைப்பு செல்லும்.

அந்த அடையாளத்தைத் திரையே சொல்கிறது. ஒவ்வொரு திரையிலும் ஈ.டி.ஐ.டி. எனப்படும் 128 பைட்டு அறிமுகச் சீட்டு உண்டு. 15 முனைகள் கொண்ட பழைய வி.ஜி.ஏ. வடத்தில் 12-ஆம், 15-ஆம் முனைகள் வழியே அது கணினிக்கு வருகிறது. அது வராவிட்டால் லினக்ஸ் ஆபத்தில்லாத அளவுகளோடு நின்றுவிடும். அவற்றில் பெரியது 1024-க்கு 768. எங்களுக்குக் கிடைத்த அதே எண்!

எனவே வடத்தைப் பார்த்தோம். திரைக்கும் புரொஜெக்டருக்கும் படத்தைப் பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதை மட்டும் நீக்கி, வடத்தை நேராகத் திரையில் செருகினோம். 1920-க்கு 1080 பட்டியலில் தானாக வந்தது. அதைத் தேர்ந்து, மும்முறை நிறுத்தி இயக்கினோம், மும்முறையும் நிலைத்தது. பெட்டியைத் திரும்பப் பொருத்தினோம், நோய் திரும்பியது. படம் பெட்டியைக் கடந்தது. அறிமுகச் சீட்டு கடக்கவில்லை.

இதற்குள் சிலர், "லினக்ஸ் என்றாலே இப்படித்தான், எடுத்துவிடலாம்" என்று தீர்ப்பே எழுதியிருந்தார்கள். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது. அப்போதும் இத்தகைய தீர்ப்புகள் நிறையக் கேட்டேன். என் கருத்து வேறு. லினக்ஸ் தன் அமைப்புகளைச் சாதாரண எழுத்துக் கோப்புகளில் திறந்து வைத்திருக்கிறது. நீங்களே படித்துப் பார்க்கலாம். அட்டையின் துளைகளை எண்ணிப் பார்ப்பதுபோல. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடக்கருவி ஏது?

வகுப்பு நடக்கும்போது சீட்டிலுள்ள கட்டளையைத் தட்டுவதில் தவறில்லை. மணி அடித்த பிறகும் சீட்டோடு நிற்பதுதான் தவறு. அமைப்பு எங்கே எழுதப்படுகிறது? அதை யார், எப்போது படிக்கிறார்? படிப்பவருக்கு வேண்டிய செய்தி வந்து சேர்கிறதா? இம்மூன்றையும் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இது கணினி வித்தை அல்ல. நாம் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் பயிலும் இயற்பியல் முறையேதான்.

உங்கள் பள்ளிக் கணினி அறையிலும் இப்படி ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாம். ஆசிரியரிடம் அனுமதி பெற்று, அதன் காரணத்தைத் தேடுங்கள். எங்கள் மேசையில் இப்போது சீட்டு இல்லை. அந்த மாணவரும் வளையங்களை வட்டமாகத் திருத்தி வரைந்துவிட்டார்.