வீட்டிலிருந்தே வருமானம்: கூகுளில் நம்ம பக்கம் மேலே வர...

"கணவர் வேன் ஓட்டுகிறார். நவக்கிரகக் கோயில் சுற்றுலாவுக்கென்று ஒரு வெப்சைட் ஆரம்பித்து எட்டு மாசமாச்சு. ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. 'கூகுளில் முதல் இடம் நிச்சயம், இருபதாயிரம் கொடுங்கள்' என்கிறார் ஒருவர். வளையலை அடகு வைக்கலாமா?" என்று கும்பகோணத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டவே வேண்டாம் அம்மா! முதல் இடத்துக்கு யாருமே உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. இப்படி வருகிறவர்களில் பலர், காசு கொடுத்து மற்ற வெப்சைட்டுகளில் நம் பக்கத்துக்கு இணைப்பு போட வைப்பார்கள். 2012-ல் 'பெங்குவின்' என்ற மாற்றத்தின் மூலம் கூகுள் அந்தத் தந்திரத்தின் தலையில் தட்டிவிட்டது. பணமும் போய், இருக்கிற இடமும் போகும்.

'எங்கள் தளத்துக்கு நல்வரவு' என்று தலைப்பு வைத்திருக்கிறீர்களாமே, அதை யார் தேடப் போகிறார்கள்? 'கும்பகோணத்திலிருந்து நவக்கிரகக் கோயில்கள் - வேன் பயணம்' என்று மாற்றுங்கள். ஒன்பது கோயிலையும் ஒரே பக்கத்தில் அடைக்காமல் திங்களூருக்கு ஒன்று, ஆலங்குடிக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போடுங்கள்.

அதில் என்ன எழுதுவது? தலபுராணம் எல்லோரும் எழுதியாச்சு. உங்க வீட்டுக்காரர் தினமும் போகிற ரோடு ஆயிற்றே, அவரைக் கேளுங்கள். மத்தியானம் நடை சாத்துவதற்குள் எந்தெந்தக் கோயிலை முடிக்கலாம்? கைக்குழந்தைக்கு வெந்நீர் எங்கே கிடைக்கும்? முழங்கால் வலிக்கார மாமியார் எவ்வளவு தூரம் நடக்கணும்? சுத்தமான டாய்லெட் எங்கே? திருநாகேஸ்வரத்தில் ஞாயிற்றுக்கிழமை ராகுகால பாலாபிஷேகம் பார்க்க, நாலரைக்கு முன் போய்ச் சேர எப்போது கிளம்பணும்? திருநள்ளாறு புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் இருக்கிறதே, பர்மிட் செலவு வாடகையில் சேர்த்தியா? ஜனங்கள் தேடுவது இதைத்தான். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு இது தெரியாது.

போனில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றாதீர்கள். பக்கம் திறப்பதற்குள் பார்ப்பவர் ஓடிப்போவார். அளவைச் சுருக்கிப் போடுங்கள்.

கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒன்று உண்டு, இலவசம்தான். என்ன வார்த்தை தேடியபோது உங்கள் பக்கம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று காட்டும். வாரம் ஒருமுறை, சமையல் முடிந்த கையோடு பாருங்கள். அங்கே தெரிகிற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் உடனே எழுதிச் சேருங்கள்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலிலும் இலவசமாகப் பதியலாம். தனியாக இருக்கிற வீடு என்று பயப்பட வேண்டாம். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊர்களுக்கு வண்டி விடுகிறீர்கள் என்று மட்டும் காட்டலாம். போய் வந்தவர்களை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். அதற்காக வாடகையில் தள்ளுபடி தருவது மட்டும் கூடாது, அது விதிக்கு விரோதம்.

பலன் தெரியச் சில மாதம் பிடிக்கும். குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி சமயத்தில் தேடுபவர் அதிகம் என்பதால், அந்தப் பக்கங்களை மூன்று நாலு மாசம் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.