வலியும் சங்கீதமும்

"பாட்டியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், பயந்து போய்விடுவாள்!" முழங்கால் மூட்டு மாற்றும் சஸ்திர சிகிச்சைக்கு நாள் குறித்த வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்கலாம். அன்பினால் பிறந்த பேச்சுதான். ஆயினும் அதனால் பாட்டிக்கு நன்மை உண்டா என்று நாம் சந்தேகிக்கிறோம்.

மூட்டுச் சிகிச்சை டாக்டரின் கத்தியோடு முடிவதில்லை. சிகிச்சையான அன்றோ மறுநாளோ எழுந்து நடக்க வேண்டும்; காலை மடக்கிப் பழக வேண்டும். வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும். ஆகவே, பயத்தைத் தணிப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதியே.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த பரீட்சையின் முடிவு 1964-ல் வெளியாயிற்று. வயிற்றில் சிகிச்சை பெறவிருந்த 97 பேரில் ஒரு பகுதியாரிடம், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் முதல் நாளே சென்று, எங்கே வலிக்கும், எத்தனை நாள் வலிக்கும், உடம்பை எவ்வாறு தளர்த்துவது என்றெல்லாம் விளக்கினார். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது!

இதனால் உபதேசம் மட்டுமே போதும் என்று எண்ணலாகாது. இடுப்பு, முழங்கால் மூட்டுச் சிகிச்சை பற்றிய 18 பரீட்சைகளை 2014-ல் ஆராய்ந்தவர்கள், முன்கூட்டிப் போதிப்பதால் வலி அதிகம் குறைவதாகக் காணவில்லை. மனக் கவலை தணியும் என்றும் அவர்களால் உறுதியாகக் கூற முடியவில்லை.

சங்கீதம் இங்கேதான் துணைக்கு வருகிறது. 2015-ல் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகை 73 பரீட்சைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டது. அவற்றில் சம்பந்தப்பட்ட நோயாளிகள் சுமார் 7,000 பேர். பாட்டுக் கேட்டவர்களுக்கு வலியும் கவலையும் குறைந்தன. வலி மருந்தும் குறைவாகவே வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை. வலியின் செய்தி முதுகுத்தண்டில் ஒரு வாயிலைக் கடந்தே மூளையை அடைகிறது, மூளையும் அவ்வாயிலை ஓரளவு அடைக்க வல்லது என்று மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965-ல் கூறியதை இங்கே நினைவு கூரலாம்.

ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: டாக்டரைக் கேட்டறிந்து, நடக்கப் போவதைப் பாட்டிக்கு உள்ளபடி சொல்லுங்கள். மருந்தை வேளை தவறாமல் கொடுங்கள். அடுத்த கட்டில்காரருக்குத் தொந்தரவில்லாமல் காதில் மெல்லிய பாட்டு ஒலிக்கட்டும். அது பாட்டிக்குப் பிடித்த பாட்டாக இருக்கட்டும். பேரனுக்குப் பிடித்ததாக வேண்டாம்!