கூட்டைக் கலைக்கும் நியாயம்

கூட்டு வியாபாரத்திற்கு முதல் பணமன்று; பரஸ்பர நம்பிக்கையே. இங்கிலாந்தில் யெனிட்ஜே புகையிலைக் கம்பெனியின் இரு டைரக்டர்களும் ஒருவரோடொருவர் பேசுவதை அறவே நிறுத்திக் காரியதரிசி மூலமே செய்தி அனுப்பிவந்தனர். லாபமோ குறையவில்லை. எனினும் அக்கம்பெனி உருவில் கம்பெனி, உண்மையில் கூட்டு என்று கண்டு, அதைக் கலைப்பதே நியாயமென 1916-ல் அப்பீல் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர்.

நம் தேசத்தில் 2008-ஆம் வருஷத்து வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டத்தின் 64-வது பிரிவும், "நியாயமும் நேர்மையும்" என்ற காரணத்தால் கூட்டைக் கலைக்கும் அதிகாரத்தைக் கம்பெனிச் சட்ட டிரிபியூனலுக்கு அளித்திருக்கிறது.

இவ்வதிகாரம் அவசியமென்பதே நமது அபிப்பிராயம். மனம் முறிந்தோரை ஒரே நுகத்தில் பூட்டிவைப்பதால் யாருக்கு நன்மை? ஆனால், தானே கலகம் விளைத்து, அக்கலகத்தையே சாட்சியாகக் காட்டிக் கலைக்கக் கோரும் பங்காளிக்கு இச்சொற்கள் ஆயுதமாகலாகாது. நடந்துவரும் தொழில் அழிந்தால், சச்சரவில் சம்பந்தமேயில்லாத தொழிலாளியின் அடுப்பல்லவா அணைகிறது? ஆகையால், ஒருவர் பங்குக்குத் தக்க விலை கொடுத்து விலக்க வழியுண்டா என்பதை டிரிபியூனல் முதலில் ஆராய வேண்டும். அவ்வழியும் அடைபட்டால் தயக்கமின்றிக் கலைக்கட்டும். பிரிவது குற்றமன்று, பிரிவில் வஞ்சகம் புகுவதே குற்றம்.