பொம்மைக்குச் சொந்தக்காரர் யார்?

பொம்மை குழந்தைகளுக்கு என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் நாற்பது வயது மனிதர்கள் பொம்மைகளை வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கிறார்கள். அவர்களுக்குள் பல வருஷங்களாக ஒரு தர்க்கம் நடக்கிறது. உரிமை பெறாத கம்பெனி செய்த பொம்மையை வாங்குவது நியாயமா, அல்லது திருட்டுக்குத் துணை போவதா?

பொம்மை விவகாரம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். பண்டத்தைச் செய்தவர் ஒருவர், பெயருக்குச் சொந்தக்காரர் இன்னொருவர் என்ற பழைய வழக்குதான் இது.

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பொம்மையை எடுத்துக்கொள்வோம். பார்த்தால் லாரி, மடக்கித் திருப்பினால் இயந்திர மனிதன். 1984ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ கம்பெனி இதை விற்க ஆரம்பித்தது. ஆனால் பொம்மைகளில் பெரும்பாலானவை ஜப்பானின் டகாரா கம்பெனி 'டயக்ளோன்', 'மைக்ரோமேன்' என்ற பெயர்களில் முன்பே செய்தவை. தலைவன் பொம்மைக்கு 'ஆப்டிமஸ் பிரைம்' என்று பெயர் வைத்தவர் மார்வெல் சித்திரக்கதைக் கம்பெனியின் எழுத்தாளர் டென்னிஸ் ஓ'நீல். மற்றவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் சூட்டியவர் பாப் புடியான்ஸ்கி. வடித்த கை ஒன்று, பெயரிட்ட கை ஒன்று, உரிமைப் பத்திரமோ கம்பெனியின் பெட்டியில்! ஹாஸ்ப்ரோ திருடவில்லை, ஒப்பந்தம் போட்டுத்தான் வாங்கியது. சட்டம் அதன் பக்கம். ஆனால் சட்டம் முடிகிற இடத்தில் நியாயமும் முடிந்துவிடுவதில்லை.

உரிமையில்லாத பொம்மைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அசல் பொம்மையை அப்படியே அச்செடுத்து, அசல் பெட்டியையும் காப்பியடித்து விற்பது. இது பச்சை மோசடி. வாங்குகிறவரை ஏமாற்றுகிறது, உழைத்து உருவம் வடித்தவரையும் ஏமாற்றுகிறது. இதற்கு வக்காலத்து வாங்க நாம் தயாரில்லை.

மற்றது, பெரும்பாலும் சீனாவிலுள்ள சிறு கம்பெனிகள் செய்வது. இவை மூட்டும் மடிப்பும் தாமே புதிதாக யோசித்துச் செய்கின்றன. பெயரை மாற்றிவிடுகின்றன, முகத்தை மட்டும் மாற்றுவதில்லை. நூறு டாலருக்கு மேலும் விலை வைக்கின்றன. வேலைப்பாட்டில் இவற்றில் சில அசலையும் மிஞ்சுகின்றன என்று சேகரிப்போர் மெச்சுகிறார்கள். இவற்றில் உழைப்பு உண்டு. ஆனால் பிறர் வளர்த்த பெயரின் நிழலில் குளிர்காய்வதும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"பெரிய கம்பெனி கொழுத்துக் கிடக்கிறது, அதன் லாபத்தில் கொஞ்சம் போனால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் பெரிய முதலாளியிடமிருந்து போன காசு தொழிலாளிக்கா வந்தது? சின்ன முதலாளிக்குப் போயிற்று! இதற்குப் புரட்சி என்று பெயர் சூட்ட வேண்டாம்.

அப்படியானால் உரிமம் பெற்ற பொம்மை புனிதமானதா? 1993 மே 10ந் தேதி தாய்லாந்தில், நகோன் பதோம் மாகாணத்தின் காதர் பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன. கட்டடம் இடிந்து விழுந்தது. 188 பேர் மாண்டனர். அநேகமாக எல்லோரும் இளம் பெண்கள். அவர்கள் செய்தது கள்ளப் பொம்மை அல்ல. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளுக்காக, முறையான உரிமத்தோடு செய்த பொம்மைகள்தான்! உரிமம் அந்தப் பெண்களுக்கு ஒரு கதவையாவது திறந்துவிட்டதா? பூட்டிய ஆலைக் கதவு என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2007ல் மாட்டெல் கம்பெனி, சாயத்தில் ஈயம் இருந்ததென்று லட்சக்கணக்கான பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. அவையும் முத்திரை குத்திய சரக்குதான்.

ஆகவே பொம்மை சேகரிக்கும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அசல் என்று பொய் சொல்லும் சரக்கைத் தொடாதீர்கள். உரிமையில்லாத பொம்மையை வாங்கினால் அது இன்னதென்று தெரிந்து வாங்குங்கள்; பிறருக்கு விற்கும்போதும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆனால் உங்கள் தர்க்கம் அத்தோடு நின்றால் அது பாதி தர்க்கமே. இரண்டு முதலாளிகளில் யாருக்குக் காசு சேர வேண்டும் என்று இத்தனை காலம் வாதாடினீர்கள். இனி, பெட்டியில் பெயரில்லாத அந்தப் பெண்ணுக்கு என்ன கூலி, எத்தனை மணி வேலை, ஆலைக் கதவு திறந்திருக்கிறதா என்று இருவரிடமும் கேளுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத பொம்மை, எந்த முத்திரை குத்தியிருந்தாலும், சுத்தமான பொம்மை அல்ல!