ஊசி பிடித்தறியாதவர்கள் தைத்த போர்வை

மருத்துவமனைச் சுவர்களில் ஓவியங்கள் இருப்பது நன்று. வெள்ளைச் சுவரையே நாள் முழுதும் நோக்கிக் கிடப்பவருக்கு ஒரு மரமோ ஆற்றங்கரையோ கண்ணில் படுவது ஆறுதல்தான். எனினும், பிறர் செய்ததைப் பார்த்திருப்பது வேறு. பலரோடு சேர்ந்து தாமே ஒன்றைச் செய்வது வேறு. நோயின் காலத்தில் இரண்டாவதே மிகுதியாகத் தேவைப்படுகிறது என்பது என் கருத்து. அதிலும், படுக்கையில் இருப்பவரைவிட, அவர் அருகே நாற்காலியில் இரவு பகலாக அமர்ந்திருப்பவருக்கே அது முதலில் தேவை. மருந்து, ஊசி, பரிசோதனை எல்லாம் நோயாளிக்கு உரியவை. உடனிருப்பவருக்கு வாய்ப்பதோ காத்திருத்தல் ஒன்றே. கைகளுக்கு வேலையில்லாதபோது மனம் எங்கெங்கோ அலைவதை அவர்கள் நன்கு அறிவார்கள்.

நான் அறிந்தவற்றுள் இதற்கு மிகப் பெரிய சான்று, அமெரிக்காவில் உருவான எய்ட்ஸ் நினைவுப் போர்வை. 1985 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரில் மெழுகுவர்த்தி ஏந்திய ஊர்வலம் ஒன்று நடைபெற்றது. அதனை ஒழுங்கு செய்தவர்களுள் ஒருவரான கிளீவ் ஜோன்ஸ், எய்ட்ஸ் நோயால் இறந்த தம் நண்பர்கள், உறவினர்களின் பெயர்களை அட்டைகளில் எழுதுமாறு ஊர்வலத்தினரைக் கேட்டுக்கொண்டார். அவ்வட்டைகளை மத்திய அரசு அலுவலகக் கட்டடம் ஒன்றின் சுவரில் ஒட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தபோது அச்சுவர், பல துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப்போர்வை போல அவருக்குத் தோன்றிற்று. 1987இல் தம் நண்பர் மார்வின் ஃபெல்ட்மனுக்காக முதல் துண்டை அவர் செய்தார். 3 அடி அகலம், 6 அடி நீளம். ஏறத்தாழ ஒரு மனிதரைப் புதைக்கும் குழியின் அளவு. அவ்வளவே எல்லாத் துண்டுகளுக்கும் விதியாயிற்று. எட்டுத் துண்டுகளைச் சேர்த்து 12 அடிச் சதுரமாகத் தைத்தார்கள்.

அக்காலத்தை நினைவிற்கொண்டால்தான் இதன் பொருள் விளங்கும். எய்ட்ஸால் இறந்தவரின் உடலைப் பெற்றுக்கொள்ளவே சில ஈமச்சடங்கு நிறுவனங்கள் மறுத்தன. சில குடும்பங்கள் இறப்பின் காரணத்தை மறைத்தன. வேறு சில, இறந்தவரையே தம்முடையவர் என்று சொல்லத் தயங்கின. அழுவதற்கு ஓர் இடம் இல்லாதவர்கள் பலர் இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவில் திறக்கப்பட்ட பட்டறை அவர்களுக்கு அவ்விடத்தைக் கொடுத்தது. மக்கள் நன்கொடையாகத் தந்த தையல் இயந்திரங்கள் அங்கிருந்தன. மகனை இழந்த தாயும், துணையை இழந்தவரும், அறிமுகமே இல்லாத தன்னார்வலரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். தையற்கலை கற்றவர்கள் அல்லர் அவர்களுள் பலர். சிலர் பசையால் ஒட்டினார்கள். சிலர் வண்ணத்தால் எழுதினார்கள். இறந்தவரின் சட்டை, நிழற்படம், கார்ச் சாவி, திருமண மோதிரம்கூட அத்துணிகளில் இடம்பெற்றன. எந்தத் துண்டும் அழகில்லை என்று திருப்பி அனுப்பப்படவில்லை.

1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனின் தேசியப் பூங்கா வெளியில் 1,920 துண்டுகளோடு போர்வை முதன்முறையாக விரிக்கப்பட்டது. பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கப்பட்டன. இன்று துண்டுகள் ஏறத்தாழ 50,000. எடை 54 டன். ஒருவர் தனியே தம் வீட்டில் ஒரு துண்டைத் தைத்துப் பெட்டியில் வைத்திருந்தால் அது அவருடைய துயரம் மட்டுமே. அதனைப் பக்கத்துத் துண்டோடு சேர்த்துத் தைத்தபோதுதான் ஒரு நாடு அதைப் பார்க்க நேர்ந்தது.

அத்துண்டுகளுள் ஒன்றில் பெயரே இல்லை. உடன்பிறந்தவனுக்காகச் செய்தது அது. பெற்றோர் அவன் பெயர் வெளியே தெரிவதை விரும்பவில்லை என்பதை மட்டும் அதில் எழுதியிருக்கிறார்கள். அதுவும் மற்றவற்றோடு சேர்த்தே தைக்கப்பட்டது. இதனை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சேர்ந்து செய்யும் இடத்தில் சொல்ல விரும்புவோர் சொல்லலாம். மறைக்க வேண்டியவர் மறைக்கலாம். இருவருக்கும் அங்கே இடம் உண்டு. இவ்வச்சம் அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் உறுதிசெய்யப்பட்டது 1986இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் மேற்கொண்ட ஆய்வினால்தான். அந்நோயின் பெயரை இன்றும் நம் இல்லங்களில் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறோம். புற்றுநோயையும் மனநோயையும் பற்றிப் பேசும்போதும் நம் குரல் தாழ்கிறது.

நினைவுப் போர்வை இறந்தவர்களுக்கானது. இங்கிருப்போரோ நலம் பெற வந்தவர்கள். ஆகவே அதனை அப்படியே இங்குக் கொணர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாழ்வோருக்கான எடுத்துக்காட்டும் உண்டு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மார்க் மோரிஸ் நடனக் குழுவினர் 2001 முதல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு நடன வகுப்பு நடத்தி வருகிறார்கள். உடன் வரும் கணவனோ மனைவியோ ஓரத்தில் அமர்ந்து கைப்பையைக் காத்திருக்க வேண்டியதில்லை, அவரும் ஆடலாம். மாத்திரை நேரத்தை நினைவூட்டுவதும் கைபிடித்து நடத்துவதுமாகவே கழியும் நாளில், அந்த ஒரு மணி நேரம் இருவரும் சமமாக ஒரே செயலில் ஈடுபடுகிறார்கள்.

நம் பார்வையாளர் கூடத்தில் ஒரு நீண்ட மேசை போதும். பழைய பருத்திச் சேலைத் துணி, நூல், ஊசி, கத்தரிக்கோல், வண்ணத்தாள். பாதியில் எழுந்து போகும் உரிமை எல்லோருக்கும் வேண்டும்; ‘ஸ்கேன்’ அறையிலிருந்து அழைப்பு வந்தால் விட்டுச் செல்லலாம், அடுத்து வருபவர் தொடரலாம். நம்மிடையே இத்தகைய முயற்சிகள் தொடங்கிய சில வாரங்களிலேயே போட்டி, பரிசு, சிறப்பு விருந்தினர், மேடை என்று திசைமாறிவிடுகின்றன. மதிப்பெண் இடத் தொடங்கிய நாளிலேயே வரையத் தெரியாதவர் எழுந்து போய்விடுவார். அவர்தான் அங்கே இருக்க வேண்டியவர்.

தடைகளை நான் அறியாமல் இல்லை. கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், தீக்காயம் அடைந்தோர் உள்ள பிரிவுகளுக்குப் பலர் கைபட்ட துணியைக் கொண்டுசெல்லலாகாது. அங்கே செவிலியரின் சொல்லே முடிவு. களைத்திருப்பவரை ‘வாருங்கள், மனம் மாறும்’ என்று வற்புறுத்துவதும் தகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, கலைச் செயற்பாடுகளால் நன்மை உண்டு என்றே காட்டுகிறது. ஆயினும் எந்தக் கலையும் ஒரு வேளை மருந்துக்கு ஈடாகாது. அவ்வாறு சொல்பவரை நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்: செய்தவற்றை யார் காப்பது? ஒரு தாய் மூன்று நாள் அமர்ந்து தைத்த பூவை அடுத்த மாதம் குப்பையில் காண நேர்ந்தால், அந்த மேசை இல்லாதிருந்ததே மேல் என்றாகிவிடும். பொறுப்பேற்க ஒருவர் வேண்டும். அமெரிக்கப் போர்வைக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். கெர்ட் மக்மல்லின் என்னும் அப்பெண்மணி 1987 முதல் அதன் கிழிசல்களைத் தைத்துப் பேணி வருகிறார். 2020இல் கோவிட் பரவியபோது, போர்வைப் பணிக்கென வைத்திருந்த துணிகளில் எஞ்சியவற்றை எடுத்து அவர் முகக்கவசங்கள் தைத்துக் கொடுத்தார்.