ஐ.சி.சி.பி.ஆர்: ஐந்து எழுத்தும் நாமும்



நமது கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு சொல் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. யாராவது துணிந்து எதையாவது எழுதினால், "கவனம், ஐ.சி.சி.பி.ஆர்ல உள்ள போடுவாங்க" என்கிறோம். பிடிக்காதவன் எழுதினால், "அவனை ஐ.சி.சி.பி.ஆர்ல பிடிக்கணும்" என்கிறோம். அதன் விரிவு என்னவென்று கேட்டால் மட்டும் பதில் வராது.

புதிய சொல் வந்தால் வகுப்பில் நாங்கள் இரண்டு கேள்வி கேட்போம். கருத்து என்ன? வாக்கியத்தில் எப்படி வரும்?

கருத்து: குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச சமவாயம். 1966இல் ஐ.நா. ஏற்றுக்கொண்டது. 1980இல் இலங்கை இணைந்தது. அதன் பெயரில் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பெயரிலேயே "உரிமைகள்" இருக்கிறது, கவனியுங்கள். பாரபட்சம், பகைமை, வன்முறை ஆகியவற்றைத் தூண்டும் இன, மத வெறுப்பைப் பரப்புவது அதன் 3ஆம் பிரிவின்படி குற்றம். பத்து ஆண்டு வரை சிறை. பிணையை மேல் நீதிமன்றம்தான் வழங்கலாம், அதுவும் விசேட சூழ்நிலையில் மட்டும்.

இந்தப் பிரிவின் உயிர் "தூண்டும்" என்ற சொல்லில் இருக்கிறது. மனம் புண்பட்டது என்பது வேறு, வன்முறையைத் தூண்டியது என்பது வேறு.

இனி வாக்கியங்கள். 2019 மே மாதம் ஹஸலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைதானார். உடையில் இருந்தது கப்பல் சுக்கான் சக்கரம், அதைத் தர்மச்சக்கரம் என்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில், ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார கைதாகி நான்கு மாதமளவில் உள்ளே இருந்தார். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராசிக். பேனாவையும் கீபோர்டையும் கொண்டு சிந்தனை ஜிஹாத் செய்வோம் என்று எழுதினார். ஜிஹாத் என்ற ஒரு சொல்லைப் பிடித்தார்கள், வாக்கியத்தை வாசிக்கவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியல். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆனது.

அதே 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய கைதானார். அவர் நம்மவர் இல்லை என்று சும்மா இருந்தோமே, அது எந்த நியாயம்? ரம்ஸிக்கு அநியாயம் என்றால் நதாஷாவுக்கும் அநியாயம்தான். நீதியில் நம்மவர், பிறர் என்று பார்க்க நமது மார்க்கம் இடம் தரவில்லை.

"அப்படியென்றால் வெறுப்புப் பேச்சுக்குச் சட்டமே வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். வேண்டும். 2018இல் திகன எரிந்தது. 2019 ஏப்ரல் 21இல் நமது அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தது. வெறுப்பு எங்கே போய் முடியும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அதனால்தான் சொல்கிறோம்: கொளுத்தச் சொல்பவனுக்கு எதிரான சட்டத்தைக் கதை எழுதுபவன் மீது பாய்ச்சினால், கொளுத்தச் சொல்பவன்தான் தப்புவான்.

ஆகவே இந்தச் சொல்லை வைத்து மிரட்டுவதை நிறுத்துவோம். ஒருவர் கைதானால் "தூண்டினாரா?" என்ற கேள்வியை முதலில் கேட்போம். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் இந்தப் பிணை விதியை மாற்றுவீர்களா என்று கேட்போம். பிள்ளைகளுக்கு இதன் முழுப் பெயரைச் சொல்லிக் கொடுப்போம். அது உரிமையின் பெயர். அதைக் கேட்டு அவர்கள் பயந்து வளரக் கூடாது.