‘யாரைப் போய்க் கேக்கறது, கண்ணு?’

மரக்காணம் உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட வேண்டும். அதனால் என் மாமா விடியற்காலை 4 மணிக்கே சைக்கிளை எடுத்துவிடுவார். 2023 ஏப்ரலில் ஒருநாள், கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது ஒரு வண்டி அவரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முதுகுத்தண்டில் அடி. அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

கூட வேலை பார்ப்பவர்கள் பதறிப்போய், கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, ஷேர் ஆட்டோவில் படுக்கவைத்து, பக்கத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலத்துக்குள் 40 ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். அத்தை கழுத்திலிருந்த சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மறுநாள்தான் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம்.

வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அத்தை என்னிடம் கேட்டார். “யாரைப் போய்க் கேக்கறது, கண்ணு? நீ படிச்ச புள்ள, நீ சொல்லு.”

என்னிடம் பதில் இல்லை. இதில் எனக்கு ஆறாத உறுத்தல் ஒன்று உண்டு. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18-ம் தேதி தொடங்கியது. தொடக்க விழா நடந்தது எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் மேல்மருவத்தூரில். அந்தச் செய்தியைத் தளத்தில் ஏற்றியதே நான்தான். ஆனால், நாங்கள் போன மருத்துவமனை அந்தத் திட்டப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். அத்தையின் கேள்விக்கு நான் தாமதமாகக் கண்டுபிடித்த பதில் இது.

முதல் நாள்

விபத்து என்றால் முதலில் 108. முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரைக் கண்டபடி தூக்கினால் தண்டுவடக் காயம் பெரிதாகலாம். ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு அசையாமல் தூக்கத் தெரியும். ‘48 மணி நேரத் திட்டத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க’ என்றும் சொல்லலாம். அந்தத் திட்டத்துக்கு காப்பீட்டு அட்டை வேண்டாம், வருமானச் சான்று வேண்டாம். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

முதல் வாரம்

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் அட்டை எடுக்கலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைத்துவிடுங்கள். ஐ.சி.யூ வாசலில் உட்கார்ந்துகொண்டு வருமானச் சான்றுக்கு அலைவது என்ன பாடு என்பதை எங்களைக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்து மக்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மரக்காணத்திலிருந்து புதுச்சேரி பக்கம். பெரிய நோய் என்றால் ஜிப்மருக்கும் அங்குள்ள மற்ற மருத்துவமனைகளுக்கும்தான் ஓடுவோம். ஆனால், அது வேறு நிர்வாகம். எந்த மருத்துவமனையில் நம் அட்டை செல்லும், எந்த சிகிச்சைக்குச் செல்லும் என்பதை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

விபத்து வழக்கென்றால் எஃப்.ஐ.ஆர் நகலை மறக்காதீர்கள். இடித்த வண்டி எது என்று தெரிந்தால், இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் போட வேண்டும் என்கிறது இப்போதைய மோட்டார் வாகனச் சட்டம். வண்டி தெரியாமலே போனாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், நிற்காமல் போன வண்டியால் பலத்த காயம்பட்டவருக்கு 50 ஆயிரமும், உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் தர மத்திய அரசுத் திட்டம் உள்ளது. மனு எழுதத் தெரியவில்லையா? 15100-க்கு போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகப் பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வக்கீல் செலவில்லாமல் கிடைப்பார்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். அத்தைக்கு வேலை ஆரம்பித்ததே அப்போதுதான். உணர்வில்லாத உடம்பை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இதை ஒருவரும் எங்களுக்குப் புரியும்படி சொல்லவில்லை. மூன்றாவது வாரமே படுக்கைப் புண் வந்துவிட்டது.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தோம். நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபி, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு சிகிச்சை, வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகள் எல்லாம் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். புண்ணுக்கு மருந்து கட்ட வந்த நர்ஸ் அக்காதான் அத்தைக்கு எப்படிப் புரட்டுவது என்று கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை யூ.டி.ஐ.டி எண்ணோடு வாங்கிவிடுங்கள். தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். விழுப்புரம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நாங்கள் போகவே பல மாதம் ஆனது. முன்பே போயிருந்தால் அந்த மாதங்களின் பணமும் கிடைத்திருக்கும்.

உப்பளக் குடும்பங்களுக்கு விபத்து மட்டும் ஆபத்தில்லை. 2017 முதல் 2020 வரை தமிழகத்தில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வில், 7 சதவிகிதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. கொளுத்தும் வெயில், குடிக்கப் போதாத தண்ணீர், ஒதுங்கக் கழிவறை இல்லாததால் தண்ணீரையே தவிர்க்கும் பெண்கள்... காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அதே கடலில் ஒரு பெண்

மாமா முதல் வருடம் யாரோடும் பேசவில்லை. அப்போது அவருக்கு நான் போனில் காட்டியது ப்ரீத்தி ஸ்ரீநிவாசனின் வீடியோவை. தமிழ்நாட்டின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் கிரிக்கெட் அணிக்கு கேப்டனாக இருந்தவர். 1998-ல் கல்லூரிச் சுற்றுலாவில் புதுச்சேரி கடலில் விளையாடியபோது தடுமாறியவருக்கு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அப்போது வயது 18. பின்னாளில் தன்னைப் போலத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்காகத் திருவண்ணாமலையில் ‘சோல்ஃப்ரீ’ அமைப்பைத் தொடங்கினார். “நம்ம கடல்லயா?” என்று கேட்டார் மாமா. அந்த வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

பார்த்துக்கொள்கிறவர்களையும் மறக்க வேண்டாம். ராத்திரி 2 மணிக்கு அத்தை புரட்டிப் போட்டுவிட்டுத் தனியாக அழுததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பிறகு அவரே சொல்லித்தான் தெரியும். மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போவதோடு நிறுத்தாமல், ‘இன்னைக்கு ராத்திரி நான் பாத்துக்கறேன், நீ தூங்கு’ என்று சொல்லிப் பாருங்கள்.

சங்கிலி திரும்பி வரவில்லை. வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்குப் போய்விட்டது. ஆனால், அத்தையிடம் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, அட்டை எண்கள், மேலே சொன்ன போன் நம்பர்கள், எந்த ஆபீஸில் எந்த மேஜை என்பதுவரை அதில் இருக்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தெருவில் ஒருவருக்குப் பக்கவாதம். அவருடைய மனைவி வாசலில் வந்து நின்று, “யாரைப் போய்க் கேக்கறதுன்னே தெரியல அண்ணி” என்றார். அத்தை நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டிலும் இன்றைக்கே அப்படி ஒரு நோட்டைப் போட்டு வையுங்கள். அதுவரை, இதிலுள்ள எண்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டுவிடுங்கள்.